கோகோபீட்டில் நாற்று: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

நாற்று மஞ்சளடித்தால் கை தானாக உரப் பொட்டலத்தைத் தேடும். அதற்கு முன் தட்டை ஒரு முறை தூக்கிப் பாருங்கள். கோகோபீட் என்னும் தேங்காய் நார்க்கழிவில் வளரும் நாற்றுக்கு வரும் கோளாறுகள் பெரும்பாலும் தண்ணீரில்தான் தொடங்குகின்றன. உரக் குறைபாடு மாதிரித் தெரிவதும் பல நேரம் வேர் மூச்சுவிட முடியாமல் தவிப்பதன் அடையாளம்தான். தண்ணீர் கூடினாலும் மஞ்சள், உரம் குறைந்தாலும் மஞ்சள், உப்பு ஏறினாலும் மஞ்சள். இலையை மட்டும் பார்த்து வைத்தியம் செய்தால் நோய் ஒன்று, மருந்து வேறொன்று என்று ஆகிவிடும்.

இங்கே சொல்வதெல்லாம் தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளை 98 குழித் தட்டிலோ, மாடித்தோட்டத்துச் சின்னக் கப்புகளிலோ, மண் கலக்காத கோகோபீட்டில் வளர்ப்பவர்களுக்கு. விதைத்ததிலிருந்து நடவு வரைக்குமான காலம்: தக்காளிக்கு 25 நாள் வாக்கில், கத்தரிக்கு 30–35, மிளகாய்க்கு 35–40. இந்தக் குறுகிய காலத்தில் ஒரு வாரம் வீணானால்கூட நடவு தள்ளிப்போகும். அதனால் சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை.

எந்த அறிகுறியானாலும் முதலில் பார்க்க வேண்டிய மூன்று

முதலாவது எடை. தட்டுக்கு நன்றாகத் தண்ணீர் ஊற்றி, சொட்டுவது நின்றதும் இரு கையாலும் தூக்கிப் பாருங்கள். அதுதான் முழு ஈரத்தின் எடை. மறுநாள் காலையில் மறுபடி தூக்குங்கள். ஏறக்குறைய பாதி கனம் குறைந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். சில நாளில் கைக்கே கணக்குத் தெரிந்துவிடும். மேல்பரப்பின் நிறத்தை நம்பாதீர்கள். நனைந்த கோகோபீட் கரும்பழுப்பு, காய்ந்தது வெளிர்பழுப்பு என்பது சரிதான். ஆனால் மேலே அரை சென்டிமீட்டர் வெளுத்திருக்கும்போது கீழே சொதசொதவென்று இருக்கும்.

ஏன் அப்படி? பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் ஒன்றை நனைத்துப் படுக்கை வசமாகப் பிடியுங்கள். கொஞ்ச நேரத்தில் சொட்டுவது நின்றுவிடும். அதையே நெட்டுக்குத்தாக நிறுத்தினால் மறுபடி தண்ணீர் இறங்கும். உயரம் கூடினால்தான் தண்ணீர் தன் கனத்தால் கீழே வடியும். 98 குழித் தட்டில் குழியின் ஆழம் நாலு சென்டிமீட்டர் சொச்சம்தான். அந்த உயரத்தில் அடிப்பாகத்துத் தண்ணீர் தானாக வடியவே வடியாது. வேர் உறிஞ்சினால்தான் குறையும், அல்லது காற்றில் ஆவியானால்தான் குறையும். ஒரு அடி உயர குரோபேக்கில் (செடி வளர்க்கும் பையில்) அருமையாக வடிகிற அதே கோகோபீட், குழித்தட்டில் சேறு மாதிரி நிற்பதற்கு இதுதான் காரணம். குரோபேக் பழக்கத்தில் குழித்தட்டுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்களிடம்தான் நாற்று அதிகம் அழுகுகிறது.

இரண்டாவது வேர். தட்டின் நடுவிலிருந்து ஒரு நாற்றைத் தேர்ந்தெடுத்து, அடித்துளை வழியே பென்சிலால் மெல்லத் தள்ளி, கட்டியோடு வெளியே எடுங்கள். நல்ல வேர் வெள்ளையாக இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் நுனிக்குச் சற்று மேலே பஞ்சு மாதிரி மெல்லிய ரோமங்கள் தெரியும். மழை பெய்த தோட்டத்து வாசம் வரும். கெட்ட வேர் பழுப்பு. இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வந்துவிடும், உள்ளே நூல் மாதிரி ஒன்று மட்டும் மிஞ்சும். அப்படி உருவிக்கொண்டு வந்தால் அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள். இனி எந்த உரம் போட்டும் பயனில்லை. முதலில் காயவிட வேண்டும்.

மூன்றாவது வடிதண்ணீர். நனைந்திருக்கும் தட்டில் இன்னும் கொஞ்சம் வெறும் தண்ணீர் ஊற்றி, அடியில் சொட்டுவதை ஒரு கிண்ணத்தில் பிடித்து மீட்டரை வையுங்கள். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் சாதாரண டிடிஎஸ் மீட்டரே போதும். அவற்றில் பெரும்பாலானவை 1 மில்லிசீமன்ஸ் மின்கடத்துதிறனை 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) என்று காட்டும். நாற்றுக்கு 500–750 வரை கவலையில்லை. 1000-ஐத் தாண்டினால் உஷார், 1500-ஐத் தாண்டினால் அன்றைக்கே கழுவ வேண்டும். ஊற்றும் தண்ணீரையும் தனியாக அளந்து வையுங்கள். போர்வெல் தண்ணீரே 900 காட்டும் ஊர்கள் நிறைய உண்டு. அங்கே உரத்துக்கு மிஞ்சும் இடம் மிகக் குறைவு.

ஒரு எச்சரிக்கை: கரைந்த யூரியாவை இந்த மீட்டர் காட்டாது. யூரியாவுக்கு மின்னூட்டம் கிடையாது. மீட்டர் குறைவாகக் காட்டுகிறது என்று மேலும் மேலும் உரம் சேர்ப்பது அதனால்தான் ஆபத்து.

முளைத்தது, ஆனால் விதையிலையோடு அப்படியே நிற்கிறது

இரண்டு விதையிலையும் விரிந்துவிட்டன, பத்து நாளாகியும் அடுத்த இலை வரவில்லை, நிறம் மங்கிக் கிடக்கிறது என்றால் கோகோபீட்டின் மேலேயே சந்தேகப்படுங்கள். தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியம், சோடியம், குளோரைடு உப்புகள் உண்டு. உப்பங்கழியில் ஊறவைத்த மட்டையானால் இன்னும் அதிகம். கழுவாத கோகோபீட் கட்டியை ஊறவைத்து நேராகத் தட்டில் நிரப்பினால் அந்த உப்பு முழுவதும் பிஞ்சு வேரின் மேல் விழும். மிளகாய் இதை அறவே தாங்காது.

விதைப்புக்கு முன்பே செய்ய வேண்டியது இது. 5 கிலோ கட்டி ஊறி உதிர்ந்தால் 65–75 லிட்டர் அளவுக்கு வரும். அதை வலைப்பையிலோ துளையிட்ட டிரம்மிலோ போட்டு, வடிதண்ணீர் ஊற்றும் தண்ணீருக்குப் பக்கத்தில் வரும்வரை அலசுங்கள். வெறும் அலசலில் போகாத பொட்டாசியமும் சோடியமும் நாரின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்கும். அவற்றை வெளியேற்ற, 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டைத் தண்ணீரில் கரைத்து அந்த 5 கிலோ கட்டிக்கு ஊற்றி, ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் மீண்டும் அலசுங்கள். கால்சியம் போய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். விலகிய உப்பு தண்ணீரோடு வெளியே வரும். இதைச் செய்யாவிட்டால், பிற்பாடு நீங்கள் கொடுக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கோகோபீட்டே பிடித்துவைத்துக்கொள்ளும். செடிக்கு மிஞ்சாது.

ஏற்கெனவே விதைத்தாகிவிட்டது என்றால், காலை வேளையில் தட்டுக்கு மெதுவாக, அரைமணி இடைவெளியில் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீர் ஊற்றி வடியவிடுங்கள். அதன்பின் லிட்டருக்கு அரை கிராம் கால்சியம் நைட்ரேட் ஒரு முறை. பிறகு எடை பாதியாகும்வரை தட்டைத் தொடாதீர்கள்.

தண்டு அடியில் சுருங்கி நாற்று சாய்கிறது

காலையில் நன்றாக இருந்த நாற்று மாலையில் படுத்துவிடும். குனிந்து பார்த்தால் கோகோபீட் மட்டத்தில் தண்டு நனைந்த நூல் மாதிரி சுருங்கியிருக்கும். இது நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற பூஞ்சை, பூஞ்சையொத்த நுண்ணுயிர்களின் வேலை. தட்டில் ஒரு மூலையில் தொடங்கி வட்டமாகப் பரவும்.

சாய்ந்ததையும் அதைச் சுற்றியுள்ள குழிகளையும் கட்டியோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். மிச்சத் தட்டைக் காற்றோட்டமான இடத்தில் உயர்த்தி வையுங்கள். மேல்பரப்பு நன்றாகக் காயும்வரை தண்ணீர் வேண்டாம். காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து வேர்ப்பகுதி நனையும்படி ஊற்றினால் பரவுவது நிற்கும். காப்பர் ஊற்றிய கையோடு சூடோமோனாஸ் கொடுக்காதீர்கள். அது நோயை அடக்கும் நல்ல பாக்டீரியா, காப்பர் அதையும் கொன்றுவிடும்.

அடுத்த முறைக்கு: விதை கிலோவுக்கு டிரைக்கோடெர்மா (நோயை அடக்கும் நல்ல பூஞ்சை) 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் 10 கிராம் கலந்து விதையுங்கள். வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு சிட்டிகை போதும். பழைய தட்டானால் ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து, அதில் அரைமணி ஊறவைத்துக் கழுவிய பிறகே நிரப்புங்கள். மாலையில் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இரவு முழுக்கத் தண்டு நனைந்திருப்பதுதான் இந்த நோய்க்குக் கதவைத் திறந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், ஐப்பசி கார்த்திகையில், தட்டுக்கு மேலே பாலித்தீன் கூரை இல்லாமல் நாற்று விடுவது வீண் முயற்சி. மழை ஈரத்தையும் ஏற்றும், போட்ட உரத்தையும் கழுவிக்கொண்டு போகும்.

நெட்டையாக, நோஞ்சானாக வளர்கிறது

இதற்கு முதல் காரணம் வெளிச்சம். விதைத்ததும் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி பாலித்தீன் தாளால் மூடுவது நல்ல வழக்கம்தான். ஆனால் முதல் முளை தலைகாட்டிய அன்றே பிரித்து வைத்துவிட வேண்டும். தக்காளி நாலைந்து நாளிலும், மிளகாய் ஒரு வாரத்துக்கு மேலும் முளைக்கும். ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு நீண்டுவிடும், நீண்டது திரும்பக் குட்டையாகாது. 50 சதம் நிழல்வலை போதும். அடர்த்தியான வலையின் கீழ் மேகமூட்டமான நாட்களில் நாற்று வெளிச்சத்தைத் தேடி ஓடும்.

இரண்டாவது காரணம் உரம். கடையில் ‘ஆல் 19’ என்று தருகிற 19:19:19 (தழைச்சத்தான நைட்ரஜன், மணிச்சத்தான பாஸ்பரஸ், சாம்பல்சத்தான பொட்டாஷ் ஒவ்வொன்றும் 19 சதம்) பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். அதிலுள்ள தழைச்சத்தில் பாதிக்கு மேல் பெரும்பாலும் யூரியா வடிவம்தான். யூரியாவும் அம்மோனியமும் இலையையும் தண்டையும் மளமளவென்று நீட்டும். நைட்ரேட் வடிவம் கட்டுக்கோப்பாக வளர்க்கும். நெட்டையாகும் தட்டுக்கு 19:19:19-ஐ நிறுத்தி, சில நாள் கால்சியம் நைட்ரேட் மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

காலையில் இலை ஈரமில்லாத நேரம், நாற்றுகளின் தலைமேல் உள்ளங்கையாலோ மெல்லிய குச்சியாலோ இப்படியும் அப்படியும் சில முறை வருடிவிடுவதும் பலன் தரும். காற்றில் ஆடும் செடி தண்டைத் தடிமனாக்கிக்கொள்ளும். தக்காளிக்கு இது கண்கூடு. நீண்டுவிட்ட தக்காளியை நடும்போது தண்டை ஆழமாகப் புதைக்கலாம், தண்டிலிருந்தே வேர் விடும்.

அடியிலை மஞ்சள், மேலே வெளிர்பச்சை

வேரைப் பார்த்தீர்களா? வெள்ளையாக இருந்து, தட்டும் கனமில்லாமல், வடிதண்ணீர் மீட்டரும் குறைவாகக் காட்டினால் இது உண்மையான பசி. கோகோபீட்டில் தழைச்சத்து என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. சரியாக மக்காத நார்க்கழிவில் நுண்ணுயிர்கள் வேறு, இருக்கிற கொஞ்சத்தையும் தாங்கள் எடுத்துக்கொள்ளும். செடி பழைய இலையிலிருந்து தழைச்சத்தை உருவிப் புது இலைக்கு அனுப்பும். அதனால்தான் அடியிலை முதலில் வெளுக்கிறது.

என் கணக்கு இப்படி. விதையிலை மட்டும் இருக்கும்வரை வெறும் தண்ணீர். முதல் உண்மையான இலை விரிந்ததும் 19:19:19 லிட்டருக்கு அரை கிராம், வாரம் இருமுறை. லிட்டருக்கு அரை கிராம் என்றால் தழைச்சத்து 95 பிபிஎம். அந்த வயசுக்கு அது தாராளம். மூன்று இலை வந்த பிறகு லிட்டருக்கு 1 கிராம் வரை போகலாம். இடையிடையே கால்சியம் நைட்ரேட் அரை கிராம், ஏனென்றால் 19:19:19-இல் கால்சியம் துளியும் இல்லை. இரண்டையும் ஒரே வாளியில் அடர்த்தியாகக் கரைக்காதீர்கள். பாஸ்பேட்டும் கால்சியமும் சேர்ந்து வெள்ளையாகத் திரிந்து அடியில் தங்கிவிடும், இரண்டுமே வீண். ஒரு நாள் இது, இன்னொரு நாள் அது என்று வைத்துக்கொள்வது எளிது. கரைசலைக் காய்ந்த கட்டியில் ஊற்றாமல், கொஞ்சம் ஈரமிருக்கும்போது ஊற்றுங்கள்.

பஞ்சகவ்யம், மீன் அமிலம் மட்டும் கொடுத்து நாற்று வளர்க்க விரும்புகிறவர்கள் கலவையில் ஐந்தில் ஒரு பங்கு நன்றாக மக்கிய மண்புழு உரம் சேர்த்துக்கொள்ளுங்கள். இயற்கை உரத்தின் தழைச்சத்தை வேருக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்ற நுண்ணுயிர் வேண்டும். புதுக் கோகோபீட்டில் அது போதுமான அளவு இருக்காது. வயலில் தெளிக்கும் 3 சதப் பஞ்சகவ்யம் பிஞ்சு நாற்றுக்குக் கடுமை. வடிகட்டி, லிட்டருக்கு 10 மி.லி. என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

இளம் இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

மேலே சொன்னதற்கு நேர் எதிர். அடியிலை பச்சையாக இருக்கும், கொழுந்து வெளுத்து வலைப்பின்னல் மாதிரி தெரியும். இது இரும்புச்சத்துக் குறை. ஆனால் இரும்பு இல்லாததாலேயே வருவது குறைவு. தண்ணீரின் காரத்தன்மையால் கார அமில அளவு (பிஎச்) ஏறிப்போய், இருக்கிற இரும்பு கரையாமல் நிற்பதே வழக்கமான காரணம். கோவை, திருப்பூர் பக்கத்துப் போர்வெல் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு படியும். அந்தத் தண்ணீரை நாளுக்கு நாள் ஊற்றினால் சின்னக் குழியிலுள்ள கோகோபீட் சீக்கிரமே காரமாகிவிடும்.

நாற்றுக்கு பிஎச் 5.5–6.5 இருந்தால் நல்லது. 10 லிட்டர் வாளியில் ஒவ்வொரு சிட்டிகையாகச் சிட்ரிக் அமிலம் கரைத்து, பிஎச் தாளில் 6 பக்கம் வரும்வரை பார்த்து, எவ்வளவு ஆனது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊர்த் தண்ணீருக்கும் அளவு மாறும், அடுத்தவர் கணக்கு உதவாது. மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் நாற்றுக்கு அதைவிட நல்லது வேறில்லை. அதோடு இரும்புச் செலேட் (இரும்பைக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும் உரம்) லிட்டருக்கு அரை கிராம் இலைவழி தெளியுங்கள். இடிடிஏ (EDTA) வகை, பிஎச் 6.5-ஐத் தாண்டிய கோகோபீட்டில் வேர்வழி கொடுத்தால் நிற்காது. அங்கே இடிடிஹெச்ஏ (EDDHA) வகைதான் வேலை செய்யும்.

இதே அறிகுறி அளவுக்கு மீறிய ஈரத்தாலும் வரும். மூச்சுவிடாத வேர் இரும்பை எடுக்காது. தட்டு கனமாக இருந்தால் அமிலத்தைத் தேடாமல் முதலில் காயவிடுங்கள்.

இலை நுனி, ஓரம் கருகுகிறது. மேலே வெள்ளைப் பொடி

உப்பு ஏறிவிட்டது. வடிதண்ணீரை அளந்தால் உறுதியாகும். நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக, அடியில் ஒரு சொட்டுகூட வடியாதபடி உரத்தண்ணீர் தெளிப்பவர்களிடம் இது அதிகம். தட்டைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்தே எப்போதும் ஊறவிடுகிறவர்களுக்கும் வரும், ஏனென்றால் ஆவியாகும் தண்ணீர் உப்பை மேலே விட்டுவிட்டுப் போகிறது. கட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை நிதானமாக ஊற்றி வடியவிடுங்கள். பிறகு ஒரு வாரம் உரம் பாதி அளவு. இனிமேல் எப்போது ஊற்றினாலும் பத்தில் ஒரு பங்காவது அடியில் வடியட்டும்.

ஈரம் இருந்தும் வாடுகிறது

வேர் பழுப்பானால் அழுகல். வேர் வெள்ளை, வடிதண்ணீர் மீட்டர் அதிகம் என்றால் உப்பு: தண்ணீர் பக்கத்திலேயே இருந்தும் வேரால் இழுக்க முடியாது. இரண்டுமில்லை, பல நாள் மேகத்துக்குப் பிறகு திடீரென்று வெயில் அடித்திருக்கிறது என்றால் மாலைக்குள் தானாக நிமிர்ந்துவிடும். நிழல்வலையை மட்டும் இழுத்துவிடுங்கள், தண்ணீர் வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. ஒரு முறை அதிகமாகக் காய்ந்த கட்டி சுருங்கிக் குழியின் சுவரைவிட்டு விலகிவிடும். அதன்பின் பூவாளியில் ஊற்றுவதெல்லாம் அந்த இடுக்கு வழியே ஓடி அடியில் கொட்டும். மேலே நனைந்திருக்கும், உள்ளே தூசி. நாற்றைக் கட்டியோடு எடுத்துக் குறுக்கே பிட்டுப் பார்த்தால் நடுவில் வெளிர்பழுப்பாக இருக்கும். தட்டை ஓர் அகலத் தொட்டியில் இரண்டு விரற்கடைத் தண்ணீரில் கால்மணி நேரம் வையுங்கள். மேல்பரப்பு கறுத்ததும் எடுத்து வடியவிடுங்கள்.

ஒரே தட்டில் சில நன்றாக, சில சவலையாக

ஓரத்துக் குழிகள் சவலையானால் அவை சீக்கிரம் காய்கின்றன. ஓரத்துக்கு மட்டும் இன்னொரு சுற்று தண்ணீர், தட்டை அவ்வப்போது திருப்பி வைப்பது, இவ்வளவுதான். ஒரு பக்கம் மட்டும் என்றால் தட்டு சரிவாக இருக்கிறது. சிதறலாக இருந்தால் நிரப்பியபோது சில குழிகளை அழுத்தியும் சிலவற்றைப் பொலபொலவென்றும் விட்டிருப்பார்கள். தட்டைத் தரையில் வைக்காமல் கம்பிச் சட்டத்தின் மேல் வைத்தால் அடியில் காற்று ஓடும். துளை வழியே வெளிவரும் வேர் நுனி காய்ந்து நின்று, கட்டிக்குள்ளேயே பக்கவேர் பெருகும்.

இன்னும் சில

பாசி படிந்தாலோ, சிறு கறுப்பு ஈக்கள் தட்டுமேல் பறந்தாலோ தண்ணீர் அதிகம். ஈயின் புழு, கறுத்த தலையோடு வெள்ளையாக, பிஞ்சு வேரைத் தின்னும். மேல்பரப்பைக் காயவிட்டு மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள். இலையின் அடி ஊதா நிறமானால் மணிச்சத்துக் குறை. ஓசூர், நீலகிரி போன்ற குளிர்ந்த இடங்களில் மார்கழியில் குளிரே இதற்குக் காரணமாகலாம்; வெயில் ஏறினால் சரியாகும். மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். இரண்டுக்கும் உரம் தீர்வல்ல; லென்ஸ் வைத்து இலையின் அடியைப் பாருங்கள்.

நட்டபின் நின்றுபோகிறது

நடவுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து, நிழல்வலையை மெல்ல விலக்கி, நாற்றைப் பழக்கியிருக்க வேண்டும். அதைச் செய்தும் நாற்று வாடினால் செடியின் அடியில் விரலை விட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள களிமண் ஈரமாக இருக்கும், கோகோபீட் கட்டி மட்டும் காய்ந்திருக்கும். நுண்ணிய துளைகளுள்ள களிமண், கோகோபீட் கட்டியிலிருக்கும் ஈரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். வேர் கட்டியைத் தாண்டி மண்ணுக்குள் போகும்வரை, முதல் ஒரு வாரம் பத்து நாளுக்குத் தண்ணீரைப் பாத்திக்குப் பாய்ச்சினால் மட்டும் போதாது, தண்டின் அடியிலேயே விழ வேண்டும். சொட்டுநீர் போட்டிருந்தால் சொட்டுவானைக் கட்டியின் மேலேயே வையுங்கள். கட்டியின் தலை மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் விளக்குத் திரி மாதிரி ஈரத்தை மேலே இழுத்துக் காற்றில் விட்டுவிடும். அதை மூடும் அளவுக்கு அரை அங்குலம் மண் அணைத்துவிடுங்கள்.